மின்சாரக் காருக்கு முதலில் கேஸ் அடிக்காதீர்கள்

கார் ஏசி குளிரவில்லை என்றால் புதுச்சேரியிலும் கடலூரிலும் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "கேஸ் கம்மியா இருக்கும், அடிச்சா சரியாயிடும்." வண்டிக்காரர் அதைச் சொல்லிக்கொண்டேதான் கடைக்குள் நுழைகிறார். மெக்கானிக் அதைக் கேட்டுக்கொண்டேதான் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்டைக் கையில் எடுக்கிறார். பெட்ரோல், டீசல் வண்டிகளில் இந்தப் பழக்கம் பெரிய சேதம் எதையும் செய்ததில்லை. பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரசர், பிஏஜி என்ற வகை ஆயில், ஆர்134ஏ என்ற வகை கேஸ்; கேஸ் குறைந்தால் கிளச் அடிக்கடி விழுந்து எழும்; டப்பாவிலிருந்து கொஞ்சம் ஏற்றினால் குளிர் திரும்பிவிடும். லீக் இருந்தால் அடுத்த சித்திரையில் மறுபடி வருவார்கள். மின்சாரக் காரில் இதே பழக்கம் கம்ப்ரசரைக் கொல்லும். சில நேரம் வண்டியை ஸ்டார்ட் ஆகவே விடாது. டாடாவின் மின்சாரக் கார் நெக்ஸான் ஈவி 2020 ஜனவரியில் வந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மட்டும்தான் உத்தரவாதம் மிச்சம். மற்ற பாகங்களுக்கு அது பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆகவே பிஒய் 01, டிஎன் 31 எண் கொண்ட மின்சாரக் கார்கள் இனி கம்பெனி சர்வீஸைத் தாண்டித் தெருவோர ஏசி கடைகளுக்கும் வரும். அந்தக் கடைகளில் திறமைக்குக் குறைவில்லை. முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் மாற வேண்டும்.

மின்சாரக் காரில் கம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்து ஓடுவதில்லை. ஸ்க்ரோல் கம்ப்ரசர், அதைச் சுற்றும் மூன்று ஃபேஸ் மோட்டார், அந்த மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் இருக்கும். பெரிய பேட்டரியின் 300, 400 வோல்ட் டிசி ஆரஞ்சு கேபிள் வழியாக நேரே அதற்குள் போகிறது. கூடவே 12 வோல்ட் சப்ளை ஒன்றும் லின் அல்லது கேன் தகவல் வயரும் போகும். கிளச் கிடையாது. அதனால் ரிலேவை நேர் செய்து கம்ப்ரசரை ஓட்டிப் பார்க்கும் பழைய வித்தை இங்கே செல்லாது. கண்ட்ரோல் யூனிட் "2,800 ஆர்பிஎம்மில் ஓடு" என்று தகவல் அனுப்பினால்தான் அது ஓடும். எதையாவது பார்த்து அந்த யூனிட் பயந்தால் தகவலை அனுப்பாது. கேஸ் முழுதாக இருந்தும் ஏசி குளிராத வண்டிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வேகம் மாறும் கம்ப்ரசர் கேஸ் குறைவை மறைத்துவிடும். 500 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 380 கிராம்தான் இருந்தாலும், கூலிங் காயில் குளிரும்வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வண்டிக்காரருக்குக் குளிர் குறைந்தது தெரியாது. ரேஞ்ச் குறைவதுதான் தெரியும். அவர் பேட்டரி போய்விட்டது என்று கவலைப்படுவார். கம்ப்ரசருக்குள் கேஸ் நுழையும் பக்கமான லோ சைடின் கேஜைப் பார்க்கும் மெக்கானிக்கும் 28 பிஎஸ்ஐ கண்டு கேஸ் நன்றாக இருக்கிறது என்பார். இரண்டுமே தவறு.

கேட்டதும் வேகமும்

ஆகவே முதலில் ஸ்கேனர். இன்ஜினின் பழுதுக் குறியீட்டை (கோடு) மட்டும் படிக்கும் மலிவுக் கருவி பயன்படாது. ஏசி யூனிட், பேட்டரி மேலாண்மை யூனிட் இரண்டையும் திறந்து காட்டும் ஸ்கேனர் வேண்டும். கோடுகளைக் குறித்துக்கொண்ட பிறகு, ஏசியை முழுக் குளிரில் வைத்து லைவ் டேட்டாவில் இரண்டு வரிகளை அருகருகே பாருங்கள்: கம்ப்ரசரிடம் கேட்ட வேகம், கம்ப்ரசர் ஓடும் வேகம். என் கருத்தில் மின்சாரக் கார் ஏசியில் இதைவிட மதிப்புள்ள ரீடிங் கிடையாது. எந்தக் கேஜும் தராத தகவலை இந்த இரண்டு எண்கள் தந்துவிடும்.

கேட்டதே சுழியம் என்றால் பழுது கம்ப்ரசரில் இல்லை, கேஸ் பைப்பிலும் இல்லாமல் இருக்கலாம். யாரோ தடுக்கிறார்கள், யார் என்று தேட வேண்டும். பேட்டரி சார்ஜ் மிகக் குறைந்துவிட்டால் பல வண்டிகள் ஏசியைத் தாமாகவே சுருக்கும். பிரஷர் சென்சார் மிகக் குறைவாகவோ 28, 30 பாருக்கு மேலாகவோ காட்டினால் அனுமதி கிடைக்காது. வெளி வெப்ப சென்சார் முன் பம்பருக்குள் இருக்கும். அதன் வயர் அறுந்தால் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். மைனஸ் 40-இல் எந்தக் காரும் ஏசி போடாது. மறைமலை அடிகள் சாலை நெரிசலில் பம்பர் உரசாத வண்டி குறைவு, எனவே இதை முதலிலேயே பார்த்துவிடலாம். கூலிங் காயில் சென்சார் வழுவினாலும் இதே கதைதான். காயில் 12 டிகிரியில் இருக்க, 2 டிகிரி என்று அது சொன்னால், பனி உறையப் போகிறது என்று நினைத்து யூனிட் கம்ப்ரசரை நிறுத்தும்.

சென்சார்களைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியை, காலையில் ஓட்டுவதற்கு முன் ஸ்கேனரில் பாருங்கள். வெளி வெப்பம், உள் வெப்பம், காயில் வெப்பம், கூலன்ட் வெப்பம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரி மட்டும் கனமான பொருள் என்பதால் சில டிகிரி கூடுதலாக இருக்கலாம். மற்ற எல்லாம் 28 காட்டும்போது ஒன்று மட்டும் 19 காட்டினால் திருடன் அகப்பட்டான். பிரஷர் சென்சாரையும் அதே நேரத்தில் சோதித்துவிடலாம். நின்றுபோன ஏசியில் ஆர்134ஏ கேஸின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது: 25 டிகிரியில் சுமார் 5.6 பார், 30-இல் 6.7, 35-இல் 7.9. ஆர்1234ஒய்எஃப் என்ற இன்னொரு வகை கேஸும் ஏறக்குறைய இதே எண்களைத்தான் தரும். 30 டிகிரியில் கேஜ் 6.7 காட்டும்போது ஸ்கேனர் 11 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. கேஜும் ஸ்கேனரும் சேர்ந்து 8.5 காட்டினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. ஆனால் அழுத்தம் சரியாக 6.7 இருந்தால் உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கிறது என்று மட்டுமே பொருள். அது 150 கிராமாக இருந்தாலும் 500 கிராமாக இருந்தாலும் அழுத்தம் மாறாது. நின்ற வண்டியில் கேஜ் வைத்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்வதில் பொருளே இல்லை.

கேட்டது 3,000, ஓடுவது சுழியம் என்றால் கம்ப்ரசர் பக்கம் போகலாம். அங்கேயும் வரிசை உண்டு: கம்ப்ரசர் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா, தகவல் வயர் உயிரோடு இருக்கிறதா, பிறகு உயர் மின்னழுத்த ஃப்யூஸ். 12 வோல்ட் பேட்டரி சோர்ந்திருந்தால் தகவல் தொடர்புக் கோடுகள் கொத்தாக வரும். அதைச் சரிசெய்த பிறகே மற்றவை. உயர் மின்னழுத்த ஃப்யூஸ் போயிருந்தால் ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் போடக் கூடாது. கம்ப்ரசருக்குள் இன்வெர்ட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், அடுத்த ஃப்யூஸும் அதே நொடியில் போகும்.

கேட்ட வேகமும் ஓடும் வேகமும் உயரத்தில் ஒத்துப்போய், இரண்டு பக்க அழுத்தமும் தாழ்ந்து, குளிரும் இல்லையென்றால் அப்போதுதான் கேஸ் குறைவு என்ற பேச்சுக்கு இடம். வேகம் ஒத்துப்போகிறது, கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் ஹை சைடின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சற்று நேரத்தில் கேட்கும் வேகமும் படிப்படியாக இறங்குகிறது என்றால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் ஆர்134ஏ ஹை சைடு 12 முதல் 16 பாருக்குள் நிற்க வேண்டும், லோ சைடு 2 பாரைச் சுற்றி. ஹை சைடு 20 பாரைத் தொட்டால் கேஸ் ஏறத்தாழ 69 டிகிரியில் திரவமாகிறது என்று பொருள். அதாவது வெளிக் காற்றைவிட 34 டிகிரி கூடுதல். நல்ல கண்டென்சருக்கு 15, 20 டிகிரி வித்தியாசம் போதும். ஹோஸ் பைப்பால் கண்டென்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அழுத்தம் சடாரென்று விழுந்து குளிர் வந்தால், கேஸைத் தொட வேண்டாம். ஃபேன், அழுக்கு, கிரில் ஷட்டர், நடுவில் சிக்கிய பிளாஸ்டிக் பை இவற்றில் ஏதோ ஒன்று.

மஞ்சள் ஹோஸில் இருக்கும் ஆயில்

கேஸ் குறைவுதான் என்று உறுதியான பின்பும் கேஜ் செட்டை மாட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். மொத்த விஷயமும் திரும்பும் இடம் இது.

பெல்ட் கம்ப்ரசரில் ஆயிலின் வேலை உராய்வைக் குறைப்பது. மின்சாரக் கம்ப்ரசரில் ஆயிலும் கேஸும் மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருள்களை நனைத்தபடியே ஓடுகின்றன. ஆகவே அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தாததாக இருந்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பிஓஇ வகை ஆயிலைப் போடுகிறார்கள். டென்சோ கம்ப்ரசர்களில் என்டி-11 என்ற பெயரில் வருவது அந்த வகை. பெட்ரோல் வண்டிக்குப் போடும் பிஏஜி 46 என்ற ஆயில், பிஓஇ அளவுக்கு மின்தடை கொண்டதல்ல. ஈரம் சேரச் சேர இருக்கும் தடையும் குறையும். கம்ப்ரசருக்குள் அது போனால் சுருளுக்கும் கூட்டுக்கும் நடுவே மின்சாரம் கசியத் தொடங்கும். பேட்டரி மேலாண்மை யூனிட் இந்தக் கசிவை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டு ஏஐஎஸ்-038 விதியும் அதன் மூலமான ஐநா ஆர்100 விதியும் சொல்லும் காப்புத்தடை எல்லை, டிசி பகுதிக்கு வோல்ட்டுக்கு 100 ஓம், ஏசி மின்சாரப் பகுதியோடு இணைந்தால் வோல்ட்டுக்கு 500 ஓம். 320 வோல்ட் வண்டிக்கு 500 என்றால் 160 கிலோ ஓம். தடை எல்லைக்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கு எரியும். பல வண்டிகள் அடுத்த முறை ஓடத் தயாரான ரெடி நிலைக்கே வராது. ஏசி குளிரவில்லை என்று வந்தவர் வண்டியை டோ செய்து எடுத்துப் போகிறார்.

இவ்வளவுக்கும் யாரும் வேண்டுமென்று பிஏஜி ஊற்றியிருக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு டீசல் வண்டிக்குக் கேஸ் போட்ட அதே கேஜ் செட், கேஸ் ஏற்றும் அதே மஞ்சள் ஹோஸ் போதும். ஹோஸின் உட்சுவரில் பிஏஜி படிந்திருக்கிறது. பழைய கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெகவரி மெஷினில் இன்னும் அதிகம் தேங்கியிருக்கும். ஹைப்ரிட், மின்சார வண்டிகளுக்குப் பயன்படும் ஆர்134ஏ மெஷினுக்கு வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே2788 தரம் விதிக்கும் எல்லை, ஏற்றும் கேஸில் வேற்று ஆயில் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. 500 கிராம் கேஸுக்கு அரை கிராம், சில சொட்டுகள்தான். இதற்கு நான் சொல்லும் தீர்வு எளிமையானது. மின்சார வண்டிக்கென்று தனி கேஜ் செட், தனி ஹோஸ், தனி ஆயில் ஊசி. அவற்றில் ஆரஞ்சு டேப் சுற்றி, தனி ஆணியில் மாட்டுங்கள். வேறு வண்டிக்கு எந்த அவசரத்திலும் எடுக்காதீர்கள். மெஷின் ஒன்றுதான் இருக்கிறதென்றால், அதன் ஹோஸ் ஃப்ளஷ் வசதியை ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத மெஷின் மின்சாரக் காரைத் தொடவே கூடாது.

கடைகளில் கிடைக்கும் 450 கிராம் டப்பாவிலும் கவனம் வேண்டும். ஆயில் கலந்தது, லீக் அடைப்பான் கலந்தது இரண்டும் விலக்கு. லீக் தேடும் ஒளிர்சாயம் பிஓஇ அடிப்படையில் செய்யப்பட்டதாக இருந்தால் மட்டுமே சரி. போலி கேஸ் இன்னும் பெரிய ஆபத்து. 2011-இல் குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்களில் ஆர்134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த கேஸ் ஏற்றப்பட்டு, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, திறந்தபோது வெடித்து ஆட்கள் இறந்தார்கள். கார் ஏசியின் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். விலை சந்தேகத்துக்கு இடமாகக் குறைவாக இருந்தால் அந்த டப்பாவை வாங்காதீர்கள். பெரிய கடைகள் கேஸ் அடையாளம் காணும் கருவி ஒன்று வைத்திருப்பது நல்லது.

காப்புத்தடைக் கோடு ஏற்கெனவே வந்துவிட்ட வண்டி என்றால் குற்றவாளி கம்ப்ரசர்தான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஹீட்டரும் அதே உயர் மின்னழுத்த வரிசையில்தான் இருக்கிறது. நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, ஆனாலும் அதன் காப்பு கெடலாம். இங்கே பாதுகாப்பு முறையில் எள்ளளவும் குறைக்கக் கூடாது. வண்டியை அணைத்து, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், 1,000 வோல்ட் தாங்கும் கிளாஸ் 0 கையுறையோடு, கேட் 3 மீட்டரால் வோல்ட் சுழியம் என்று உறுதிசெய்த பிறகே ஆரஞ்சு கனெக்டரைத் தொட வேண்டும். இந்தப் பயிற்சி பெறாதவர் இந்தப் படிக்கு வரவே கூடாது. அதுவரையிலான ஸ்கேனர், தண்ணீர், வெப்பமானிச் சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு வண்டியை உரியவரிடம் அனுப்பலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. கனெக்டரைக் கழற்றிய பின் கம்ப்ரசர் பக்கத்தில் பாசிட்டிவ் முனைக்கும் கூட்டுக்கும், நெகட்டிவ் முனைக்கும் கூட்டுக்கும் காப்புத்தடை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் அளக்கலாம். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே மெக்கரை வைத்தால் இன்வெர்ட்டர் அங்கேயே போய்விடும். நல்ல கம்ப்ரசர் மெகா ஓம் கணக்கில் காட்டும். சரியான எல்லையைக் கையேட்டில் பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் திரவ கேஸ் சுருளில் தேங்கி ரீடிங் தாழ்வாக வருவதுண்டு, அந்த ஒரு எண்ணை வைத்துக் கம்ப்ரசரைக் கழற்றிவிடாதீர்கள்.

பிஏஜி உள்ளே போனது உறுதியானால் கம்ப்ரசரை மட்டும் மாற்றி முடிக்க முடியாது. ஈரம் உறிஞ்சும் ட்ரையர், கண்டென்சர், காயில், பைப் எல்லாவற்றிலும் அது பரவியிருக்கும். கழுவும் கரைசலை நம்ப முடியாது. கரைசலின் மிச்சமே புது ஆயிலைக் கெடுக்கும். பல தயாரிப்பாளர்கள் பாகங்களை மொத்தமாக மாற்றத்தான் சொல்கிறார்கள். கம்ப்ரசர் ஒன்றே பல பத்தாயிரம் ரூபாய். டப்பா கேஸுக்கு வந்தவருக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது?

பேட்டரியும் அதே கேஸில்தான் குளிர்கிறது

திரவக் குளிர்ப்பு உள்ள பேட்டரி வண்டிகளில் ஏசி கேஸுக்கு இரண்டு வீடு. ஒன்று டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், மற்றது சில்லர் என்ற தகட்டு வெப்ப மாற்றி. சில்லரின் ஒரு பக்கம் கேஸ் ஓடும், மறு பக்கம் பேட்டரி கூலன்ட் ஓடும். இரண்டுக்கும் தனித்தனி எக்ஸ்பான்ஷன் வால்வ். பேட்டரி சூடானால் சில்லர் வால்வ் திறக்கும், கேஸில் ஒரு பங்கு அங்கே போகும், உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர் குறையும். கத்திரி வெயிலில், ஈசிஆரில் ஓட்டிவந்த சூட்டோடு ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் ஏசி மந்தமாக இருப்பது இதனால்தான். சார்ஜ் முடிந்து சற்று நேரத்தில் குளிர் திரும்பிவிட்டால் அது பழுதே இல்லை. எனவே வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்ப சார் கூலிங் குறையுது? ஓடும்போதா, சார்ஜ் போடும்போதா?"

சில்லர் வால்வ் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் காலையில், பேட்டரி குளிர்ந்திருக்கும்போதும் கேபின் குளிராது. ஸ்கேனரில் பேட்டரி 27 டிகிரி, சில்லர் பைப்பைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கும்; விடை கிடைத்துவிட்டது. மூடியபடியே மாட்டிக்கொண்டால் கேபின் அருமையாகக் குளிரும், ஏசியைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஃபாஸ்ட் சார்ஜ் மட்டும் பாதியில் சோர்ந்துபோகும். சார்ஜரைத் திட்டிக்கொண்டு இரண்டு மூன்று இடம் மாறிப் பார்த்துவிட்டுத்தான் வண்டி வரும். ஃபாஸ்ட் சார்ஜ் வேகம் குறைகிறது என்ற புகாரில் ஏசியையும் சோதிக்க வேண்டும் என்பது பலருக்கும் இன்னும் பழகவில்லை. கேஸ் குறைவாக இருந்தாலும் இதே அறிகுறிதான்: கேபினுக்குப் போதும், பேட்டரிக்கும் சேர்த்துப் போதாது.

சில்லர் உள்ளுக்குள் ஓட்டையானால் கண்டுபிடிப்பது கடினம். கேஸ் குறைந்துகொண்டே போகும், வெளியே எங்கும் ஆயில் கசிந்த தடம் இருக்காது. கேஸ் கூலன்டுக்குள் போகிறது. கூலன்ட் டேங்க் மூடியைக் குளிர்ந்த நிலையில் மெல்லத் திறந்து, லீக் டிடெக்டரை வாயில் பிடியுங்கள், கத்தினால் சில்லர்தான். டேங்க்கில் ஓயாமல் குமிழி வருவதும் அடையாளம். சில்லரை மாற்றினால் கூலன்டை அதே வகையால் நிரப்ப வேண்டும். சில வண்டிகளுக்கு மின்கடத்தல் குறைந்த தனி வகை. நிரப்பியபின் ஸ்கேனரில் பம்பை ஓட்டிக் காற்றை வெளியேற்றாவிட்டால் பேட்டரியின் ஒரு மூலை மட்டும் சூடாகும்.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது, பேட்டரி கூலன்ட் லீக் என்று பதறிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், காயில் லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிழிந்து எடுக்கும். நிறமில்லாமல், வழுவழுப்பில்லாமல், முன் பக்கம் மட்டும் சொட்டினால் ஏசி தண்ணீர். அது சொட்டாமல் கால் மிதியடி நனைந்தால்தான் வேலை: வடிகுழாய் அடைத்திருக்கிறது.

உப்பு

பெங்களூரிலும் கோவையிலும் ஓடும் வண்டிக்கும் இங்கே ஓடுவதற்கும் கண்டென்சரின் ஆயுள் ஒன்றாக இருக்காது. தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம், அரியாங்குப்பம் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளில் கண்டென்சரின் கீழ் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாகச் சிறகுகள் உதிரும். உப்புக் காற்றும் ஈரமும் அலுமினியத்தைத் தின்கின்றன. சிறகு உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது. குழாய் அரிக்கப்பட்டால் கேஸ் போகும். கேஸ் பைப்பை இரும்புக் கிளாம்ப் பிடிக்கும் இடம் அடுத்த பலவீனம். கிளாம்ப்புக்கும் பைப்புக்கும் நடுவிலுள்ள ரப்பருக்குள் உப்புத் தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமலே ஊசி முனை ஓட்டை போடும். கிளாம்ப்பைக் கழற்றாமல் லீக் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஃபேனின் எர்த் முனை பச்சை பிடித்தால் ஃபேன் சுற்றும், ஆனால் வேகம் வராது. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது அதன் எர்த் வயருக்கும் 12 வோல்ட் நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வையுங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் முனையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மாதம் ஒருமுறை சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கண்டென்சர் மேல் விட்டு உப்பைக் கழுவினாலே பல வருடம் கூடுதலாக உழைக்கும். பிரஷர் வாஷர் சிறகை மடக்கிவிடும், அமிலக் கலவைகள் மிச்சத்தையும் தின்றுவிடும், இரண்டும் வேண்டாம். நெய்வேலிப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டிகளுக்குச் சாம்பல் தூசி கேபின் ஃபில்டரில் அப்பிக்கொள்ளும். காற்று வராததைக் குளிர் இல்லை என்று சொல்லும் புகார்களில் பாதி வேலை ஃபில்டரோடு முடியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் தனி வகை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் தண்ணீர் நின்றது. மின்சாரக் கம்ப்ரசர் முன்பக்கம் தாழ்வாக இருக்கும் பாகம். அப்படி நின்ற வண்டியில் காப்புத்தடையை அளக்காமல் ஏசி பொத்தானை அழுத்தக் கூடாது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேறு காய்ந்து இறுகியிருக்கும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இரண்டையும் பிரித்தால்தான் தெரியும்.

கேஸ் போடும் நாளில்

லீக்கைக் கண்டுபிடிக்க உலர்ந்த நைட்ரஜன் போதும். ரெகுலேட்டர் வைத்து 10 பார்வரை ஏற்றி, சோப்பு நுரை தடவி, அரை மணி நேரம் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கலாம். டயர் கடைக் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது. ஆக்சிஜனை நினைக்கவே கூடாது. சர்வீஸ் வால்வின் ஊசியை முதலில் சோதியுங்கள், மூடியில்லாமல் திரியும் வண்டிகளில் லீக் பல நேரம் அங்கேதான்.

கழற்றும் ஒவ்வொரு பைப் முனையையும் அந்த நொடியே மூடுங்கள். பிஓஇ ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்த ஈரத்தை, பம்ப் வைத்து உள்ளே வெற்றிடமாக்கும் வேக்கத்தால் எளிதில் பிரிக்க முடியாது. காலப்போக்கில் அது அமிலமாகிச் சுருளின் காப்பை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்தில் திறந்து வைத்த ஆயில் டப்பாவை மறுநாள் பயன்படுத்தக் கூடாது. சிறிய டப்பாவாக வாங்கி, மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். பைப் நெடுநேரம் திறந்திருந்தால் ட்ரையரையும் மாற்ற வேண்டும். புதுக் கம்ப்ரசர் போடும்போது பழையதிலிருந்து வடித்த ஆயிலை அளந்து, புதியதில் அதே அளவு விட்டுவைத்துக் கூடுதலை வடிக்க வேண்டும். ஓ ரிங்கில் தடவுவதும் அதே பிஓஇ ஆயில்தான்.

வேக்கம் குறைந்தது 45 நிமிடம், பிறகு பம்பை நிறுத்தி 20 நிமிடம் ஊசி நகராமல் நிற்க வேண்டும். வேக்கத்தில் இருக்கும்போது யாரும் ஏசியைப் போட்டுவிடாதபடி சாவியை எடுத்துவிடுங்கள். கேஸ் இல்லாத வெற்றிடத்தில் கம்ப்ரசர் ஓடினால் சுருளில் பொறி பறந்து மோட்டார் போய்விடும். கேஸின் அளவு பானட் லேபிளில் இருக்கும் கிராம் மட்டுமே, தராசு வைத்து. கேஜ் பார்த்து, கை வைத்துப் பார்த்து ஏற்றுவது இங்கே செல்லாது. 40 கிராம் கூடினாலே சிறிய வண்டியில் ஹை சைடு ஏறி வேகம் சுருங்கும். உள்ளே இருந்ததை எடுக்கும்போதும் எடை போடுங்கள். 500 கிராம் லேபிளில் 310 கிராம் வந்தால் 190 கிராம் எங்கோ போயிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பில் போடக் கூடாது.

வேலை முடிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி, உள்காற்றுச் சுழற்சியில், ப்ளோயர் நடு வேகத்தில், கதவு மூடி 10 நிமிடம் ஓட்டி நடு வென்ட்டில் வெப்பமானி வையுங்கள். 35 டிகிரி நாளில் 7 முதல் 12 டிகிரிக்குள் வர வேண்டும். கடற்காற்று ஈரமாக வீசும் மாலையில் ஓரிரு டிகிரி கூடும், அதற்காக இன்னும் கேஸ் ஏற்றாதீர்கள். அப்போதைய கம்ப்ரசர் வேகம், ஹை சைடு அழுத்தம், காயில் வெப்பம், காப்புத்தடை, ஏற்றிய கிராம், ஆயிலின் பெயர் ஆறையும் ஒரு சீட்டில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த கோடையில் எந்தக் கடைக்கு வண்டி போனாலும், 2,600 ஆர்பிஎம்மில் குளிர்ந்த வண்டி இப்போது 4,500 கேட்கிறதா என்று பார்த்தால், கேஜை மாட்டாமலே கேஸ் கசிகிறதா இல்லையா என்று பாதி தெரிந்துவிடும்.